இரண்டாவது வாரத்துக் கஷாயம்

அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பாடகர் குழுவின் பின்வரிசையிலேயே பல வருஷம் நின்ற எனக்கு, அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாடக் கொடுத்தார்கள். டிசம்பர் பிறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு வரி முடிவதற்குள் நெஞ்சில் சளி கரகரக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, இப்டி இருமிகினு கீறீங்க? வேலி பூரா ஆடாதொடை கீது. நாலு இலை கிள்ளிக் கொதிக்க வச்சு, தேன் ஊத்திக் குடிங்க."

என் வீட்டுக்காரர் சும்மா ஒத்துக்கொள்வாரா? "கொணமானா அது இலையாலதான்னு எப்படித் தெரியும்? வெந்நீரா இருக்கலாம், தேனா இருக்கலாம். சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார். ஒரு வாரம் ஆடாதொடை, மறு வாரம் வேப்பிலை; இரண்டிலும் தேன். இரண்டும் கசக்கும். எந்த வாரம் எது என்று எனக்குச் சொல்லமாட்டாராம்.

"நான் என்ன உங்க லேப் தவளையா?" என்று கத்தினேன். மனுஷர் அசையவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தானே காய்ச்சினார். அதுவும் பால் பாத்திரத்தில்! ஐயோ, அன்றைய காபியும் கசந்தது.

முதல் வாரம் சளி இளகியது. இரண்டாவது வாரம் இருமல் அடங்கியது. கிறிஸ்துமஸ் காலையில் கடைசி வரியை மூச்சுத் திணறாமல் இழுத்து முடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது, "இப்பவாவது சொல்லுங்க, எந்த வாரம் வேப்பிலை?" என்று கேட்டேன்.

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார். "ரெண்டு வாரமும் ஆடாதொடைதான்."

"அப்ப சோதனை?"

"வேப்பிலை பறிச்சுதான் வச்சிருந்தேன். நீ உள்ள பாடிப் பாத்துட்டு, இருமிட்டு, பாதியில நிறுத்திட்ட. அதப் போட மனசு வரல."

சில வருஷம் கழித்து, சளியை இளக்கும் மாத்திரை ஒன்று அந்த இலையின் சத்தைப் பின்பற்றித்தான் உருவானது என்று அவரே எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். ஆனாலும் இலைக் கஷாயத்தை முறையாகச் சோதித்தால்தான் நிச்சயம் என்றார்.

"செஞ்சா போச்சு. இந்த டிசம்பர்லயும் நான் இருமத்தான் போறேன்" என்றேன்.

"வேற யாரையாவது வச்சுச் செய்யலாம்" என்றார். "உன்ன வச்சு என்னால முடியாது."