மெழுகுவர்த்தி பிடித்த பட்லர்

எங்கள் வீட்டு ஜாடியில் பூ ஒரு வாரம் நிற்கும். இப்போது குடியிருக்கும் புந்தோங்கில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். வெட்டிய கையோடு கழுத்தளவு தண்ணீரில் நிறுத்த வேண்டும். ஜாடித் தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது, தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். பால் வடியும் காம்பென்றால் நுனியை நெருப்பில் காட்டி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் இதை மாற்றிச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அப்போது கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு மகள் பிறந்து மூன்று மாதம். மரம் சீவப் போனால் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். திரும்ப மதியம் ஆகிவிடும். துரை பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது என் பாக்கியம். சமையற்கட்டுக்குப் பின்னால் தொட்டில் கட்டிக்கொண்டேன். அழுதால் ஓடிப்போய்ப் பால் கொடுக்கலாம்.

துரைசாணிக்கு ஜாடி நிறையப் பூ வேண்டும். அதிலும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நுனியிலை சிவந்து பூவாட்டம் விரியுமே, அந்தச் செடி என்றால் உயிர். வெட்டி வைத்த மாலையே அது தலை தொங்கிவிடும். காம்பைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்திருந்தது. மரம் சீவியவளுக்கு இது தெரியாதா? மறுநாள் நுனியை அடுப்பில் சுட்டு வைத்தேன். நாலு நாள் நின்றது.

பங்களா பட்லர் எழுந்து வெள்ளைக் கோட்டு மாட்டி வருமுன் நான் அடுப்பு வேலையை முடித்திருப்பேன். அவர் பார்த்ததெல்லாம் ஜாடியை மட்டும். நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரு அக்கா சொல்வாள், "அந்த ஆளு சட்டைக்குப் போடுற கஞ்சிய முதுகுக்கும் சேத்துப் போட்டுக்குறாரு" என்று. துரைசாணி பூவைப் புகழ்ந்தபோதெல்லாம் அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் குனிந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, குனிவது புரிந்தது.

ஒருநாள் துரைசாணி நான் ஜாடியைத் தூக்கி வருவதைப் பார்த்து என்னிடம் ஏதோ கேட்டார். பட்லர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மறுநாள் காலை என்னிடம், "புள்ள அழுது தொரைசாணிக்குத் தலவலியாம். நாளைக்குப் பெரட்டுல போயி நில்லு. பூவுக்குத் தண்ணி ஊத்த எனக்குத் தெரியாதாலா?" என்றார்.

விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பேர் கூப்பிட்டார்கள்; மறுபடி மரத்துக்குப் போனேன். பிள்ளை பசிக்கும் நேரத்துக்கு என் ரவிக்கை தானாக நனையும். அவளுக்கு உரிய பாலை மரத்தடியில் மண்ணில் பீய்ச்சிவிட்டு, அடுத்த மரத்தில் கத்தி வைப்பேன். அதற்கு அந்த மனிதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பத்தே நாளில் பட்லர் பூட்ஸெல்லாம் சேறாக நான் சீவும் மர நிரைக்கே வந்து நின்றார். ஈப்போவிலிருந்து கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆட்கள் வரப்போகிறார்களாம். பூ நிற்கவில்லையாம்.

"தண்ணியில என்னமோ மருந்து போடுவியே, என்னா அது?"

"அதுவாண்ணே? ஸ்டோர்ல பால் உறைய ஊத்துவாங்களே ஆசிட்டு, அதுல ரெண்டு கரண்டி."

கொட்டாங்குச்சியில் ரப்பர்ப் பால் ஏந்தும் எந்தக் குழந்தையும் சிரித்திருக்கும். அவர் ஒருநாளும் பால் வாளியைத் தொட்டவர் இல்லை. நேராக ரப்பர் ஸ்டோருக்குப் போய்க் கேட்டார்.

"பூவுக்கா? பூவையும் ரப்பராட்டம் ஷீட்டா அடிச்சுப் பொகை போடப் போறீங்களாண்ணே?" என்று கேட்டு, ஸ்டோர்க்காரர்கள் சிரித்துச் சிரித்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார்களாம்.

விருந்தன்று காலை ஜாடிப் பூக்கள் எல்லாம் கருகித் தொங்கின. மதியம் அவரே லயத்துக்கு வந்தார். தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய் சொல்லிட்டியே!"

"ஆமாண்ணே. நீங்க தொரைசாணிகிட்டச் சொன்ன மாதிரிதான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "வா. தொட்டில எங்க வேணும்னாலும் கட்டிக்க. நீதான் பண்றேன்னு நானே சொல்லிடுறேன்லா."

"இங்கிலீஷ்ல நீங்க என்னா சொல்றீங்கன்னு எனக்கெப்படிண்ணே தெரியும்?"

அவர் சொல்லை நம்பிப் போகவில்லை. புதிதாக ஒரு கூடை சிவப்புப் பூ வெட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, பின்கட்டைத் தாண்டி நடுக்கூடத்துக்கே போனேன். துரைசாணி அங்கேதான் இருந்தார். மேசையிலிருந்த மெழுகுவர்த்தியை ஏற்றி பட்லர் கையில் கொடுத்தேன். ஒரு காம்பை நறுக்கிப் பால் வடிவதைத் துரைசாணிக்குக் காட்டி, சுடரில் சுட்டு, தண்ணீரில் வைத்தேன். துரைசாணி என்னைப் பார்த்தார். அப்புறம் பட்லரை வெகுநேரம் பார்த்தார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிள்ளை வீரிட்டு அழுதாள். துரைசாணி நாற்காலி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். பால் கொடுத்துக்கொண்டே மற்றக் காம்புகளைச் சுட்டேன். மெழுகு உருகி பட்லர் விரலில் சொட்டியது.

"இன்னும் எத்தன?" என்றார் பல்லைக் கடித்தபடி.

கூடையில் முப்பது இருக்கும். "ஆடாமப் பிடிங்கண்ணே" என்றேன். ஒவ்வொன்றாக, அவசரமே படாமல் சுட்டேன்.