ஃபெராராவில் நாற்பத்தெட்டு மணித்தியாலம்

திங்கட்கிழமை, காலை 7.40. மோர்டனிலிருந்துதான் லண்டன் சுரங்க ரயிலின் நோதேர்ன் லைன் தொடங்குகிறது. அதனால் இருக்க எப்போதும் இடம் கிடைக்கும். இருபத்தொரு கிலோப் பெட்டியை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு அப்பா எனக்கு எதிரே இருந்தார். அவர் பஸ் ஓட்டுபவர். என்னை விமான நிலையத்தில் விடுவதற்காக அன்று லீவு போட்டிருந்தார். நான் லண்டனில் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பரிமாற்ற மாணவியாக ஐந்து மாதம் வட இத்தாலியில் ஃபெராரா என்ற சிறிய நகரத்தில் படிக்கத் தெரிவாகியிருந்தேன். பழைய செங்கல் சுவர்களை இடிக்காமல் பலப்படுத்துவது எப்படி என்பதுதான் பாடம்.

"எல்லாம் எடுத்தனியே?"

"ஓம் அப்பா. முப்பத்தொரு சாமான். மூண்டு தரம் சரிபார்த்தனான்."

"உந்த முப்பத்தொண்டிலை முதலாவது என்ன?"

"பாஸ்போட்."

"அதை ஒருத்தற்றை கையிலையும் குடுக்காதை. வீட்டுக்காரி கேட்டாலும் சரி, ஆர் கேட்டாலும் சரி."

"எயார்போட்டிலை கேப்பினமே."

"அது வேறை. பகிடி விடாதை."

மூர்கேட்டில் இறங்கி லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். அங்கிருந்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு ரயிலில் ஐம்பது நிமிடம். பாதுகாப்புச் சோதனை வாசலில் அப்பா நின்றுவிட்டார். நான் கடவுச்சீட்டைக் காற்சட்டைப் பையில் வைத்து சிப் இழுத்து மூடும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

விமானத்தில் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். 'சந்தேகங்கள்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். எடுத்திருந்த அறைக்கு மாத வாடகை முந்நூற்றிருபது யூரோ. நகரின் நடுவில் இந்த விலை நம்பக்கூடியதாக இல்லை. வீட்டுக்காரி லொரெதானா அனுப்பிய மூன்று படங்களிலும் ஜன்னல் பாதிதான் தெரிந்தது. வீடியோவில் பேசலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் கைவிரல் உயர்த்திய இமோஜிப் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார். அது ஆமோதிப்பா, மறுப்பா, தெரியவில்லை.

பிற்பகல் 3.55, பொலோனியா. விமான நிலையத்திலிருந்து நகர ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட மேம்பால ரயில். கட்டணம் பன்னிரண்டு யூரோ எண்பது. நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதையும் சந்தேகப் பக்கத்தில் எழுதினேன். அங்கிருந்து ஃபெராரா நாற்பத்தேழு கிலோமீற்றர். சாதாரண ரயிலில் ஆறு யூரோவுக்கும் குறைவு. இருபுறமும் மேசை போலத் தட்டையான வயல், பேரிக்காய்த் தோட்டங்கள், வாய்க்கால்கள். மலை என்று சொல்ல ஒரு மண்மேடுகூட இல்லை.

மாலை 6 மணி. ஃபெராராவில் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். உருண்டைக் கற்கள் பதித்த வீதியில் எழுபது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் நாய்க்கயிறுமாக ஓட்டிப் போனார். ஊர் நடுவில் தண்ணீர் அகழி சூழ்ந்த செங்கல் கோட்டை. அதன் அடியில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தேடிய வீட்டின் அழைப்பு மணிகளில் லொரெதானா என்ற பெயர் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுக்க முன்பே கதவு திறந்தது.

லொரெதானாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டை முடி, கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. அடுத்த அறையில் இருந்த மார்த்தினா, தெற்கே பாரி நகரத்துக்காரி, கட்டடக்கலை மாணவி, எங்களுக்கு நடுவில் மொழிபெயர்த்தாள். அவளுடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். அறை நன்றாக இருந்தது. ஜன்னல் முழுதாகவே இருந்தது. மணியில் இருப்பது காலமான கணவரின் பெயராம். நான் சந்தேகங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்த நேரத்தில் லொரெதானா கையை நீட்டினார்.

"உன்ரை பாஸ்போட்டைக் கேக்கிறா," என்றாள் மார்த்தினா. "நாளைக்குக் காலமை பொலிஸுக்குக் கொண்டு போகோணுமாம்."

"ஏன்?"

"ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலை இருந்து ஆர் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ளை பொலிஸிலை எழுதிக் குடுக்கோணும். உங்கடை பிரிட்டன்தானே யூனியனை விட்டு வெளிக்கிட்டுப் போட்டுது."

பயணக் களைப்பு, நாளை பேசலாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, லண்டன் விசாவுக்காக அப்பாவும் அம்மாவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நான்கு மாதம் காத்திருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்குபவர்களை லொட்ஜ்காரர் பொலிஸில் பதிய வேண்டும். வந்த அன்றே எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்தான், எனக்கு ரொபி இனிப்புத் தருவார். ஆறாம் கிழமை இரண்டு பேர் ஒரு பட்டியலோடு வந்து பெயர் வாசித்தார்கள். லொட்ஜ்காரர் கீழேயே நின்றுவிட்டார். அப்பா மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஏன் கொண்டுபோனார்கள், ஏன் விட்டார்கள் என்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் கொடுக்கவில்லை. அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை. பாஸ்போட்டைக் குடுக்காதை என்பது மட்டும்தான் அவர் பேசும் பகுதி.

அறையிலிருந்தபடி இணையத்தில் தேடினேன். மார்த்தினா சொன்னது உண்மைதான். அது அந்த நாட்டுச் சட்டம். எழுதிக் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரிக்கு அபராதம். எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை: பொலிஸ் முத்திரை குத்திய அந்தப் பதிவுப் பத்திரம் இல்லாமல் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதி இல்லாவிட்டால் படிப்பு இல்லை. என் கணக்கில் புதன் மாலை ஆறு மணிவரை அவகாசம் இருந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, சட்டத்தையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன்.

செவ்வாய், காலை 8.15. மூலையில் இருந்த பிரதி எடுக்கும் கடையில் கடவுச்சீட்டை நானே கண்ணாடியில் வைத்தேன். இலக்கத்தின் மீதும் பிறந்த இடத்தின் மீதும் ஒட்டுத்தாள் ஒட்டினேன். குறுக்கே 'வீட்டுப் பதிவுக்கு மட்டும்' என்று எழுதினேன். பிரதி இருபது சதம். லொரெதானா அதைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டு சைக்கிளில் போனார்.

10.50க்குத் திரும்பி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திய சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"என்னவாம்?" என்று மார்த்தினாவைக் கேட்டேன்.

"பொலிஸ்காரன் அந்தக் கொப்பியை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்துப்போட்டு, 'அம்மா, ஆரை உங்கடை வீட்டிலை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?' எண்டு கேட்டானாம். முப்பது வருஷமா மாணவருக்கு அறை குடுக்கிறா. ஒருநாளும் இப்பிடி ஒரு கேள்வி வரேல்லையாம். எல்லாருக்கும் முன்னாலை."

லொரெதானா என்னைப் பார்க்காமல் சாப்பாட்டு அறைக்குப் போனார். வெள்ளிக் கரண்டிகள் அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரியைப் பூட்டிச் சாவியை மேலங்கிப் பைக்குள் போட்டார். வந்த அன்று அது திறந்துதான் இருந்தது. என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னைக் கண்டு ஒருவர் கரண்டிகளைப் பூட்டி வைத்தது அதுதான் முதல் தடவை.

"நீ என்னத்தை மறைக்கிறாய்?" என்றாள் மார்த்தினா. "எனக்கு மட்டுமெண்டாலும் சொல்லு. நான் உனக்குப் பக்கத்து அறையிலை படுக்கிறனான்."

சொன்னேன். லொட்ஜ், பட்டியல், மூன்று நாள். ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மார்த்தினா சமையலறைக்குப் போனாள். அங்கே இத்தாலிய மொழியில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. லொரெதானா கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்கு விளங்கியது: "த்ரே ஜோர்னி?" மூன்று நாளா? பிறகு பாத்திரம் கழுவும் சத்தம்.

மார்த்தினா திரும்பி வந்தாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு நீயும் வரட்டாம். பாஸ்போட் உன்ரை கையிலையே இருக்கட்டாம், தான் தொடமாட்டாவாம். செத்துப்போன மனுஷன்ரை சைக்கிள் இருக்காம்."

"பிறேக் இருக்கா?"

"பின்னாலை மட்டும்."

புதன், காலை 9.20. பொலிஸ் அலுவலகத்தில் இலக்கச் சீட்டு எடுத்தோம். எங்களுக்கு முன் பதினாறு பேர். லொரெதானா படிவத்தை என் மடியில் வைத்தார். முதலாவது வரி குடும்பப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரைத்தான் எழுதுவோம்.  பொலிஸ் படிவத்தில், எல்லாவற்றுக்கும் முதல் வரியில், ஒவ்வொரு கட்டமாக நான் எழுதியது சிவபாலசுந்தரம் என்ற பெயரை. என் பெயர் மதுரா அதற்குக் கீழே.

10.35. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி படிவத்தை வாசித்தார். நேற்றைய பிரதிக்காரி என்று அடையாளம் கண்டிருக்க வேண்டும். உதடு லேசாகச் சிரித்தது. கையை நீட்டினார். கடவுச்சீட்டைக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ லொரெதானாவைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் கைப்பையைக் கவுண்டரின் மீது வைத்து, அதன் மீது இரண்டு கைகளையும் வைத்து, அசையாமல் நின்றார். ஏழு நிமிடத்தில் கண்ணாடியை மோதிரத்தால் தட்டி உள்ளே பார்த்து ஏதோ கேட்டார். பதில் வந்தது. ஒன்பதாவது நிமிடம் மறுபடியும் தட்டினார். பதினோராவது நிமிடம் அதிகாரி கடவுச்சீட்டையும் முத்திரை குத்திய பிரதியையும் கொண்டுவந்து தந்தார். லொரெதானா முதலில் கடவுச்சீட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் கைப்பையை எடுத்தார்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன். பஸ் டிப்போவில் இடைவேளையில் இருந்தார்.

"பாஸ்போட் எங்கை?"

"கையிலை. ஆனா அப்பா, பொலிஸிலை குடுத்து வாங்கினனான். பதினொரு நிமிஷம்."

பின்னணியில் என்ஜின் சத்தம் கேட்டது.

"உன்னை ஆர் குடுக்கச் சொன்னது?"

"சட்டம் அப்பா. வீட்டுக்காரி பக்கத்திலையே நிண்டவ."

"அவை அப்பிடித்தான் நிப்பினம்," என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு பத்து நாள் அம்மாதான் பேசினார்.

அந்த ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோமீற்றர் நகர மதிலை எத்தனையோ தடவை சுற்றினேன். நான்கு கொம்பு வைத்த ரொட்டி சாப்பிட்டேன். சைக்கிளுக்கு முன் பிறேக் பொருத்தினேன். கார்த்திகை மாதப் பனிப்புகாரில் கோட்டையே காணாமல் போனதைப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரி இரண்டாம் கிழமையே திறந்துவிட்டது. மோர்டனில் நாங்கள் இருக்கும் தெருவில் எங்கள் பெயர் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதுதான் பாதுகாப்பு என்று வளர்ந்தவள் நான். ஃபெராராவில் ரொட்டிக்கடைக்காரர், சைக்கிள் திருத்துபவர், பொலிஸ், எல்லோருக்கும் நான் எந்த வீட்டில் எந்த அறையில் இருக்கிறேன் என்று தெரியும். இது எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டது.

மாசி மாதம், புறப்படுவதற்கு முதல் நாள் லொரெதானாவிடம், இப்போது ஓரளவு வரும் இத்தாலிய மொழியில், கேட்டேன்: நான் போய்விட்டேன் என்று பொலிஸில் எழுதிக் கொடுக்க வேண்டாமா?

"அதுக்குப் படிவம் இல்லை," என்றார். "ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"எனக்கு வேணும்."

 அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, கண்ணாடி போட்டு, எழுதத் தொடங்கினார். இரண்டு சைக்கிளிலும் போனோம். வேறொரு அதிகாரி, இதை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டார். லொரெதானா கைப்பையைக் கவுண்டரின் மீது வைத்தார். இருபது நிமிடத்தில் பிரதியில் முத்திரை விழுந்தது.

மறுநாள் மாலை 5.10, ஸ்டான்ஸ்டெட். தடுப்புக் கம்பிக்கு அப்பால் அப்பா வேலைச் சட்டையோடு நின்றார். அம்மா மூலம் விஷயம் போயிருந்தது.

"அந்தத் துண்டு எங்கை?"

கொடுத்தேன். சனங்கள் பெட்டிகளோடு எங்களைச் சுற்றிப் போனார்கள். அவர் தனக்குத் தெரியாத மொழியை மேலிருந்து கீழே வாசித்தார். இரண்டாம் வரியில் தன் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"உதிலை என்ன எழுதிக்கிடக்கு?"

"சிவபாலசுந்தரம் மதுரா இந்த வீட்டிலை இருந்தவர், இண்டைக்குச் சுகமா வெளிக்கிட்டுட்டார் எண்டு."

அப்பா தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"இது என்னட்டை இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு என் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.