கம்பியைத் தொட்ட விரல்

வெம்பக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குபவர். செல்போனில் கம்ப்யூட்டரோடு செஸ் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காயை நகர்த்தும் முன்பும் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டார்.

“கம்பியில கரண்டு வருதான்னு பாக்கீகளா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன செம்புத் தகட்டைத் தொட்டு ஒடம்புக் கரண்டை எறக்கணும், அண்ணாச்சி. இல்லாட்டி ஒரு பொறி போதும். அந்தப் பழக்கம். சீசன்ல போர்மேன் வெரட்டுறாரு, கை பறக்குது. நிதானம் வரட்டும்னுதான் இதை ஆடுறேன். இங்கன தோத்தா இன்னொரு ஆட்டம் இருக்குல்ல?”

கம்பெனி நிறுத்தம் நெருங்கியதும் அவசரமாக ராணியை நகர்த்தினார். கம்ப்யூட்டரின் குதிரை அதை வெட்டியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“கம்பியத் தொடாம வச்சுட்டேனே, அண்ணாச்சி” என்றபடி இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வரை என் காது கம்பெனி இருந்த திசையிலேயே இருந்தது.