பகுதி எண்ணில் நின்ற மூலம்

வெள்ளைப் பலகையில் மார்க்கர் கிறீச்சிடும் சத்தம் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது, வெகுநேரம் கேட்கவே இல்லை. உள்ளே என் தோழி நூர்ஜஹான் கணக்கின் முன்னால் நின்றிருந்தாள். பண்டமாரான் சாலையில் லோரி போகும்போதெல்லாம் அதிரும் எங்கள் பள்ளி நடைபாதையில் என் முறைக்காக நான் காத்திருந்தேன்.

அப்போது எங்களுக்குப் பதினாறு வயது. 'அட்மேட்ஸ்' என்று நாங்கள் சொன்ன கூடுதல் கணிதத்தில், பின்னத்தின் கீழே, அதாவது பகுதி எண்ணில், வர்க்கமூலம் இருந்தால் அதை நீக்கித்தான் விடை எழுத வேண்டும். எனக்கு அது பிடிபடவே இல்லை. சோதனைக்கு முந்தின நாள், அத்தா என்று அவள் அழைக்கும் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் பின்மேசையில் உட்காரவைத்து நூர்ஜஹான்தான் புரியவைத்தாள். "கீழ கழித்தல் இருந்தா, அதையே கூட்டலா மாத்தி மேலயும் கீழயும் பெருக்குடி. கீழ மூலமே இருக்காது, ஈசி லா." நடுவரிகளைத் தாவிவிடும் அவளுடைய வழக்கமும் கூடவே எனக்குத் தொற்றிக்கொண்டது.

சோதனையில் எங்கள் இருவரின் விடைத்தாள்களும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. இருக்கைகளும் பக்கத்துப் பக்கம். "யாரு யாரைப் பாத்து எழுதினது? உண்மை வரலைன்னா ரெண்டு பேருக்கும் சைபர். அப்புறம் சைன்ஸ் கிளாஸ்ல இடம் இல்ல," என்ற மேரி டீச்சர், எங்களைத் தனித்தனியே பலகைக்கு அழைத்தார்.

நூர்ஜஹான் என்னைப் பார்க்காமல் வெளியே வந்தாள். நான் போனேன். மேலே நான்கு, கீழே, ஏழின் மூலத்திலிருந்து மூன்றின் மூலம் கழிந்து நின்றது. பதற்றத்தில் குறியை மாற்றாமலே பெருக்கினேன். மூலம் போகாமல் இருபத்தொன்றின் மூலமாகி மறுபடி கீழே வந்து நின்றது. உள்ளங்கையால் அழித்தேன். கூட்டலாக்கிப் பெருக்கியபோது கீழே ஏழில் மூன்று போய் நான்கு. அது மேலிருந்த நான்கோடு அடிபட, ஏழின் மூலமும் மூன்றின் மூலமும் கூட்டலாக மிஞ்சின.

"அப்ப அவதான் காப்பி அடிச்சிருக்கா. ஒரு வரிகூட எழுதல," என்றார் டீச்சர்.

நான் மார்க்கரைக் கீழே வைத்தேன். "இல்ல டீச்சர். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். ஆளு பாத்துக்கிட்டு நின்னா அவளுக்குக் கை ஓடாது. உக்கார வச்சுக் கொடுங்க, ப்ளீஸ்."

டீச்சர் நூர்ஜஹானை உள்ளே அழைத்து, வேறொரு கணக்கை அவள் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே இரண்டு வரியில் முடித்தாள். தாளை வாங்கிப் பார்த்த டீச்சர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. மதிப்பெண்களை விட்டுவைத்தார், மறுநாள் முதல் எங்களை மட்டும் பிரித்து உட்காரவைத்தார்.

இன்று அந்தச் சாப்பாட்டுக் கடையும் இல்லை, அத்தாவும் இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். நூர்ஜஹான் பொறியாளராகிச் செந்தூலில் இருக்கிறாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சென்ற நோன்புப் பெருநாளன்று மட்டும், எப்படிச் சிநேகமானீர்கள் என்று கேட்ட தன் மகளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "ஆன்டிக்கு அப்ப கணக்குதான் வராது. பேச வேண்டிய நேரத்துல பேச வந்துச்சு."