கடைசி ஞாயிற்றின் சிவப்பு

போன மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பழைய சூட்கேஸில் ஒரு காலண்டர் கிடைத்தது. பர் துபாயில் மளிகைக் கடைக்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் சாதாரண மாதக் காலண்டர்தான். இரண்டாயிரத்து ஏழாம் வருடத்துடையது. அதன் பின்னால் முந்தைய வருடத்தின் கடைசி ஐந்து தாள்களையும் சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் கலர் பென்சிலால் பூசியிருந்தது. சில சிவப்பு, சில நீலம், சிலவற்றில் பாதிப் பாதி. ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மற்றவற்றைவிட அழுத்தமான சிவப்பு. தாள் பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்திப் பூசியிருந்தார். அந்தக் கட்டம் தப்பு. அதைத் தப்பாக்கியவள் நான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. துபாயில் பதினெட்டு வருடம் டிரைவராக இருந்தார். ரோட்டுப் பலகைகளை எழுத்தாக அல்ல, படமாக மனத்தில் வைத்திருந்தார். நான் பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் படித்து, மதுரையில் ஒரு ஏஜெண்டு நடத்திய இன்டர்வியூவில் தேறி, அவர் வண்டி ஓட்டிய அதே கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீசுக்கு டாக்குமெண்ட் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலைச் சொன்னது மட்டும்தான் அப்பா. மற்றதெல்லாம் என் சொந்தத் திறமை என்று எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து என்னை அழைத்துப் போகும்போது அவராகவே சொன்னார்: “ஆபீசுல நான் உன்ன மேடம்னுதான் கூப்புடுவேன் தாயி. டிரைவருக எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவோம். நீ பாட்டுக்கு இரு.” வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே, சென்னையிலிருந்து வந்திருந்த அளவீட்டு இன்ஜினியர், “உங்க அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார். “ஊர்ல ஹெட்மாஸ்டர்” என்றேன். வேறு எத்தனையோ வேலை இருக்க, அந்த வேலையை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்போது அப்பா ஜன்னலுக்கு வெளியே வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஓட்டியது எங்கள் புராஜெக்ட் மேனேஜரின் வண்டியை. அவர் ஹாலந்துக்காரர், எங்களுக்கெல்லாம் ‘துரை’. வடக்கே, பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு ஒரு கால்பந்து அணி உண்டு, சிவப்புச் சட்டை. அவர் பள்ளிப் பையனாக இருந்தபோது ஒரே ஒரு முறை நாட்டின் லீக்கை வென்றதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பெரிய நகரங்களின் அணிகளே கோப்பையை எடுத்துக்கொண்டு போயின. அந்த வருடம் அவருடைய ஊர் அணி வாரம் தவறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வண்டியில் அவர் போனில் யாரிடமோ கத்துவதைக் கேட்டுக் கேட்டு அப்பாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். அப்பாவிடம் இருந்தது இருபது இங்கிலீஷ் வார்த்தை, அதில் பாதி அரபி. “டிஃபென்ஸ் மாஃபி குட் சார்” என்பாராம், தடுப்பாட்டம் சரியில்லை என்று. துரை ஸ்டீயரிங் பக்கம் சாய்ந்து அரைமணி நேரம் அதற்குப் பதில் சொல்வாராம். அந்தக் கம்பெனியில் “யல்லா”, “ஜல்தி” என்று விரட்டுவதைத் தவிர அப்பாவிடம் யாரும் வேறு பேச்சுப் பேசியதில்லை. இந்த ஒரு மனிதர் அப்பாவின் கருத்தைக் கேட்டார். அந்த மதிப்புக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு வாரா வாரம் விவரம் தேவைப்பட்டது. திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, என் மேசைக்கு வந்து கை கட்டி நிற்பார். “மேடம், நம்மாளுக என்ன ஆனாக?” யாரும் இல்லாதபோதும் மேடம்தான். நான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வேன். ஜெயித்தால் சிவப்பு, தோற்றால் நீலம், சமமென்றால் பாதிப் பாதி. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தன் கட்டிலுக்கு மேலே தொங்கிய காலண்டரில் அன்று சாயங்காலமே பூசிவிடுவார். அவர் ரூமில் இருந்த எட்டுப் பேருக்கும் அந்த அணியின் நிலவரம் அத்துப்படி.

சீசனின் கடைசி நாளில் மூன்று அணிகள் ஒரே புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் நம்மாட்கள் முதலிடம். அன்று அவர்களுக்கு எதிரே ஆடியது பட்டியலின் அடியில் கிடந்த ஓர் அணி. ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு வேலை நாள்; அங்கே வெள்ளிதான் விடுமுறை. துரை ஆட்டம் பார்க்க மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அவரை இறக்கிவிட்டுத் திரும்பிய அப்பாவுக்குத் திங்கள் மதியம்வரை பொறுக்க முடியவில்லை. ஐந்தரை மணிக்கு, ஆபீஸ் கலையும் நேரத்தில், ஆள் நிறைந்திருந்தபோதே என் மேசைக்கு வந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. சென்னை இன்ஜினியர் அடுத்த மேசையில் பையை மூடிக்கொண்டிருந்தார். அப்பா குரலைத் தாழ்த்தி, “தாயி” என்று ஆரம்பித்துவிட்டு, “மேடம்” என்று மாற்றினார்.  அவசரமாகப் பக்கத்தைத் திறந்தேன். நம்மாட்கள் முதலிடத்தில் இருந்தார்கள். “ஜெயிச்சுட்டாங்க, சாம்பியன். போங்க” என்றேன். அது காலையிலிருந்த பட்டியல். ஹாலந்தில் அப்போது ஆட்டம் பாதிதான் முடிந்திருந்தது. பக்கத்தின் ஓரத்தில் அது எழுதியும் இருந்தது. படிக்கத் தெரிந்தவள் நான் படிக்கவில்லை.

அடியில் கிடந்த அந்த அணி நம்மாட்களைத் தோற்கடித்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கோப்பை வேறோர் ஊருக்குப் போனது. அன்று சாயங்காலம் துரை அப்பாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வண்டி வேண்டாம், நானே வந்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கொண்டாட்டத்தில் இருக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பஸ் பிடித்து பர் துபாய் போய், மீனா பஜாரில் ஒரு கிலோ லட்டு வாங்கி, பெட்டியைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றச் சொன்னார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு எல்லோரும் டீயோடு நின்றிருந்தார்கள். துரை யாரிடமும் பேசவில்லை, முகம் வீங்கியிருந்தது. நான் தாள்களை விநியோகித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் போடும் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, “கங்கிராஜுலேஷன் சார்! சாம்பியன் சார்!” என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சென்னை இன்ஜினியர், “என்னண்ணே, இது அடுத்த வருஷத்து மேட்ச்சா? டிக்கெட் எங்க வாங்குனீங்க?” என்றார். ஸ்டோர்கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமோ என்று கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

துரை சிரிக்கவில்லை. யார் உனக்கு இப்படிச் சொன்னது என்று கேட்டார், கோபத்தோடு அல்ல. அப்பாவின் கண் என் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் விலகி, சுவரில் மாட்டியிருந்த பிளானைப் பார்த்தது. “நோபடி சார். மை மிஸ்டேக் சார்.” துரை பெட்டியைப் பிரித்து, நின்றபடியே ஒரு லட்டு முழுவதையும் சாப்பிட்டார். அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். மீதி லட்டை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். எனக்கும் ஒன்று வந்தது.

அதற்குப் பிறகு அப்பா திங்கட்கிழமைகளில் வரவில்லை. அடுத்த சீசன் தொடங்கியபோது நானே பார்த்து வைத்து இரண்டு மூன்று வாரம் காத்திருந்தேன். வண்டிக்குள் பேச்சும் குறைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. துரை கேட்டாலும் “ஐ டோண்ட் நோ சார்” என்பாராம். அந்த வருடக் கடைசியில் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்கு வந்துவிட்டார். கடைசி நாள் ஆபீசில் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கை கூப்பி, “வரேன் மேடம்” என்றார். இன்றைக்கும் அந்த ஆபீசில் என் அப்பா ஒரு ஹெட்மாஸ்டர்தான்.

இந்த வருடம் அதே அணி உண்மையாகவே லீக்கை வென்றது. விடுமுறையில் போன முதல் நாளே அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “ஆட்டம் முடிஞ்சிருச்சா தாயி?” என்று கேட்டார். குத்திக் காட்டும் குரல் இல்லை. விவரம் கேட்கும் குரல். எனக்குத்தான் குத்தியது.

காலண்டரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்தேன். “அன்னிக்கு நான் சரியாப் பாக்கலப்பா. நான் சொன்னதுதான் தப்பு. நீங்க ஏன் எம்பேரச் சொல்லல?” இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ எங்க கம்ப்யூட்டரப் பாத்த? பக்கத்து மேசைக்காரரு நம்மளப் பாக்குறாரான்னுதான பாத்துக்கிட்டிருந்த” என்றார். “அன்னிக்கு எனக்கு வெளங்கல. லட்டுப் பொட்டியோட நின்னப்பதான் வெளங்குச்சு.” பிறகு, நான் அழுவதைப் பார்க்காதவர்போல, “அந்த வருசம் நல்லா ஆடுனாய்ங்க” என்றார்.

நீலப் பென்சில் வாங்கி வந்து அந்தக் கட்டத்தை மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அழுத்திப் பூசிய சிவப்பின்மேல் வேறு கலர் ஏறாது என்று, பென்சிலைப் பற்றிச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு, தாள்களைக் குண்டூசியோடு சுருட்டி என் கையில் கொடுத்தார். இப்போது துபாயில், கராமாவில் என் கட்டிலுக்கு மேலே அது தொங்குகிறது. ரூமில் இருக்கும் பெண்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். அப்பாவுடையது, இங்கே டிரைவராக இருந்தார் என்று சொல்கிறேன். ஆபீசில் இன்னும் சொல்லவில்லை.