ஏட்டையாவுக்கு ஆகாத எட்டு

என் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ராஜபாளையத்தில் இன்றும் எல்லோருக்கும் ஏட்டையாதான். ஏட்டையாவுக்கு எட்டு ஆகாது. ரோட்டில் போகிற வண்டி நம்பரைக்கூட ஒற்றை எண் வரும்வரை கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால், "சனி போகுது பாரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரிடம் யார் வாயைக் கொடுப்பது?

எனக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பெண் டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளும் சிரித்தாள். கிளம்பும்போது அப்பா அவள் செல் நம்பரைக் கேட்டு வாங்கி, பத்து இலக்கத்தையும் விரல்விட்டுக் கூட்டினார். முகம் மாறிவிட்டது.

"எட்டு. இது சரிப்பட்டு வராது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்பர மாத்திருவோம் அண்ணே" என்று அவள் அம்மா கெஞ்சினார்.

அவள் ஒப்பவில்லை. "எங்கிட்ட படிக்கிற பிள்ளைக அம்புட்டும் இந்த நம்பர்லதான் சந்தேகம் கேக்கும். மாமா, ஒங்க மவன் நம்பரையும் கூட்டியிருப்பீகளே, எம்புட்டு?"

"ஒண்ணு. ராசியான நம்பர்."

"இந்தக் கூட்டுங்கிறது, அம்புட்டுப் பெரிய நம்பர ஒம்போதால வகுத்தா வர்ற மீதிதான் மாமா. என்னோடதுல எட்டு மிஞ்சும், அவியளோடதுல ஒண்ணு மிஞ்சும். ரெண்டு நம்பரையும் கூட்டி வகுங்க, மீதியே இருக்காது."

"வகுத்துப் பாக்காமலே எப்படித் தாயி சொல்லுத?"

"பாருங்களேன்."

அப்பா விடுவாரா? பால்கோவா டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு நம்பரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். ஒன்பதால் வகுத்தார்.

"எட்டு மிஞ்சுதே!" என்றார், திருடனைப் பிடித்த குரலில்.

அவள் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கூட்டுறப்ப எங்கயோ ஒண்ண ஏத்தாம விட்டிருப்பீக மாமா. எந்த இடத்துல விட்டாலும் ஒம்போதுக்கு ஒண்ணு கொறஞ்சு சரியா எட்டுதான் மிஞ்சும்."

அப்பா மறுபடி கூட்டினார். நடுவில் ஓர் இடத்தில் ஒன்றை ஏற்றாமல் விட்டிருந்தார். திருத்தி வகுத்தார். மீதி பூஜ்யம். அம்மாடி! பார்க்காமலே பிழையைப் பிடித்தவளை நான் வாய் பிளந்து பார்த்தேன். அப்பா பேனாவை மூடினார்.

"நீ எங்க ஸ்டேஷன்ல இருந்திருக்கணும் தாயி" என்றவர், அங்கேயே தட்டு மாற்ற நாள் கேட்டார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவள் நம்பர் மாறவில்லை. போன மாதம் அப்பாவுக்காக ஒரு படிவம் நிரப்பியவள், என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தாள்: "மாமாவோட ஆதார் நம்பர் பன்னெண்டு இலக்கத்தையும் கூட்டினேன். எட்டு! நீங்க போய்ச் சொல்லிராதீக, பாவம்."

என் வாய் சும்மா இருக்குமா? நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டைப்பையில் இருந்த கார்டைத் தடவிக்கொண்டார்.

"தெரியும்லே. கார்டு வந்த அன்னைக்கே கூட்டிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு எட்டு போதும்னுதாம்லே பொண்ணு பாத்த அன்னைக்குப் பயந்தேன்."