அப்பாவுக்கு ஒரு சாட்சி

என் அப்பா தையல்காரர். தையல் சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. யார் துணி கொண்டுவந்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் வந்து நின்றால், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார். துணியோ வெட்டப்படாமல் மேசைக்கடியில் கிடக்கும்.

அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு ஞானஸ்நானம் கேட்டு, சபையில் அதற்காக நடக்கும் வகுப்புக்குப் போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விசுவாசத்தைப் பொறுத்தவரை என்னிடம் இருந்தவை கேள்விகள்தான்.

போதகர் சொன்னார்: "ஆதிச் சபையில வந்த உடனே தண்ணியில இறக்கிட மாட்டாங்க. இவர் நடத்தை மாறியிருக்குன்னு தெரிஞ்சவங்க சாட்சி சொல்லணும். நீங்களும் உங்க கடைக்கு வர்றவங்கள்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "என் வீட்டுக்காரி சொன்னா போதாதா?"

"அவங்க உங்க பக்கம்தானே பேசுவாங்க?"

"யார் சொன்னது?" என்றாள் பின்வரிசையிலிருந்த அம்மா.

திரும்பும் வழியில் அப்பா என்னிடம் கேட்டார். "பண்ணினதுக்கெல்லாம் அழுதாச்சு. மிச்சத்தைத் தண்ணி கழுவிடாதா?"

நான் படித்ததைச் சொன்னேன். அழுவது மட்டுமே மனந்திரும்புதல் இல்லை, போகிற வழியை விட்டுத் திரும்பி நடக்கவும் வேண்டும். பைபிளில் யோவானிடம் ஞானஸ்நானம் வாங்க வந்தவர்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார்கள். அவரவர் தொழிலை வைத்தே அவர் பதில் சொன்னார். இதைச் சொல்லும்போதே, நான் எதை விட்டுத் திரும்பியிருக்கிறேன் என்ற யோசனையும் வந்தது.

"எனக்கு என்ன சொல்லியிருப்பாரு?" என்றார் அப்பா.

"வாயைத் தைச்சுக்கோன்னு சொல்லியிருப்பாரு" என்றாள் அம்மா.

அந்த வாரம் எங்கள் தெரு நர்ஸ் சீருடைத் துணியோடு வந்தார். "அண்ணே, புது ஆஸ்பத்திரி. திங்கக்கிழமை சேரணும். கிடைச்சிடும்ல?"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "முடியாதும்மா. கையில வேலை இருக்கு. வேற கடையில குடு."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இத்தனை வருஷம் அலைய விட்டீங்க, சரி. இப்போ துரத்தவே செய்றீங்களா?" துணியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தார். இன்னும் சிலரும் அப்படியே போனார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இருந்த வேலையை மட்டும் அப்பா சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். வாங்கியவர்கள் நம்பாமல் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள்.

சாட்சிக்கு அப்பா தயங்கித் தயங்கி நர்ஸ் வீட்டுக்கே போனார். "வர்றேன். ஆனா உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றார் அவர்.

அதற்கடுத்த வார ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானத் தொட்டியருகே சபை முழுக்கக் கூடியிருந்தது. அப்பா வெள்ளை அங்கியில் வியர்த்து நின்றார். நர்ஸ் முன்னால் வந்தார்.

"இவரை நம்பி அக்கா கல்யாணத்துக்கே பழைய துணியில போனவ நான். இந்தத் தடவை முகத்துக்கு நேரா முடியாதுன்னுட்டார். எனக்குக் கோபம்னா கோபம். ஆனா வேற இடத்துல தைச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை புது சீருடையில வேலைக்குப் போனேன். இவர்கிட்ட துணி குடுக்காததாலதான் சொல்றேன், இவர் மாறிட்டார்."

சபையே சிரித்தது. போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது போதும், இறங்குங்க" என்றார். அப்பா விட்டால் போதும் என்று படியிறங்கினார்.

"கண்ணாடி! கண்ணாடியைக் கழட்டுங்க!" என்று அம்மா கத்தினாள். நான் ஓடிப்போய்க் கைநீட்டி வாங்கிக்கொண்டேன்.